‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதும் முன்

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி, வக்கீலான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 31. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். பையருக்கு, அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பதில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மென்ட் தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இவர் பொறுப்பு. மாடியில் அலுவலகம், கீழே தையல் பிரிவு. மொத்தம் 400 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். 2021-இல் சேர்ந்தவர், நாலு வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன் கோவையில் வேறொரு கம்பெனியில் இரண்டரை வருஷம். பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்புவரை வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது குழந்தைக்கு ஐந்து மாதம். இன்னும் மூன்று வாரத்தில் விடுப்பு முடிகிறது.

கணவர் தனியார் நிறுவனத்தில் இருக்கிறார், சம்பளம் 46,000. வீட்டுக் கடன் தவணை 16,500. மாமியார் உடன் இருக்கிறார். முழங்கால் வலியால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடமாட முடியாது. இவருடைய அம்மா தாராபுரம் பக்கம் தோட்டத்தில் மாடுகளை விட்டுவிட்டு வர முடியாத நிலை. “ஒரு வயசு வரைக்குமாச்சும் புள்ள தாய்கூட இருந்தாத்தான் நல்லது” என்கிறார் மாமியார். கணவர் சொல்வது இரண்டே வார்த்தை: “உன் இஷ்டம்.”

தனியார் குழந்தைகள் காப்பகத்துக்கு மாதம் 9,000, ஆட்டோவுக்கு 3,500 என்று விசாரித்து வைத்திருக்கிறார். “கைக்கு வருவது 34,000 சொச்சம். இதெல்லாம் போக 21 ஆயிரம்தான் மிஞ்சும். அதற்காகக் குழந்தையை விட்டுவிட்டு எதற்குப் போக வேண்டும் என்று யோசித்து, வேலையை விட முடிவு செய்துவிட்டேன். இது நானே எடுத்த முடிவு, யாரும் வற்புறுத்தவில்லை” என்று எழுதுகிறார். அவர் கேட்பது மூன்று. ராஜினாமா கடிதம் சரியாக இருக்கிறதா? பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்ன வரும்? விடுப்பு முடிந்த உடனே விலகினால் ஆறு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஹெச்.ஆர். சொல்கிறாரே, உண்மையா?

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயத்தோடு மற்றதைப் படிக்க வேண்டாம். பேறுகால ஊதியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்ல நிறுவனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. விடுப்பில் இருந்துகொண்டே வேறு கம்பெனியில் வேலை பார்த்தால்தான் சிக்கல். நீங்கள் விலகினால் உங்கள் நியமனக் கடிதத்தில் சொல்லியிருக்கும் நோட்டீஸ் காலம் பொருந்தும், அவ்வளவுதான். இப்படி யாராவது வாயால் சொன்னால், “எழுத்தில் கொடுங்கள்” என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

இனி அந்த ராஜினாமா கடிதம். மொத்தம் நாலு வரி. ஆனால் அதை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நீலப் பேனாவில் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று திருத்தியிருக்கிறீர்கள். ஹெச்.ஆர். அப்படி மாற்றச் சொன்னதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறிப்பு வேறு. உங்கள் கை முதலில் எதை எழுதியது என்று ஒருமுறை பாருங்கள்.

வக்கீலாகச் சொன்னால், அந்தத் திருத்தம் வெறும் வார்த்தை மாற்றம் இல்லை. கம்பெனி தர வேண்டியதைத் தராததால்தான் விலக நேர்ந்தது என்று நாளைக்கு எந்த அலுவலகத்திலாவது நீங்கள் போய் நின்றால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது இந்தத் தாளைத்தான். ‘சொந்த விருப்பம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டாயம் இருந்தது என்று நிரூபிப்பது மிகவும் கடினம். தொழிலாளர் வழக்குகளில் 25 வருஷமாக இந்தக் காகிதத்தைப் பார்த்து வருகிறேன். பிரசவம் முடிந்த பெண்களின் கோப்புகளில் அது பெரும்பாலும் ஒரே வாசகத்தில்தான் இருக்கும்.

என் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது நானும் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினேன். பதினாலு மாதம். கேட்டவர்களிடம் எல்லாம் “நானேதான் முடிவு பண்ணினேன்” என்றேன். பொய் சொன்னதாக அப்போது தோன்றவில்லை. திரும்பக் கறுப்பு கோட் போட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த முடிவுக்கான கேள்வியே வீட்டில் எனக்கு மட்டும்தான் வந்திருந்தது. குழந்தைக்காக யார் வேலையை நிறுத்துவது என்று என் கணவரை நானும் கேட்கவில்லை, அவர் வீட்டிலும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் நல்ல மனிதர்தான். யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே உங்கள் முடிவு தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. குழந்தையோடு இருக்க ஆசைப்படுவது உண்மையான ஆசை, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய எட்டுப் பக்கத்தில் அந்த ஆசை ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும்போது குழந்தை உங்கள் விரலைப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே. மற்ற இடமெல்லாம் காப்பகம் இல்லை, ஆள் இல்லை, மிஞ்சுவது 21 ஆயிரம் என்ற கணக்குதான். அந்த மூன்றையும் சரி செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் வீட்டில் இருக்கத் தோன்றினால் அது உங்கள் விருப்பம். அதுவரைக்கும் வேறு வழி காட்டாததால் நீங்கள் வந்து நிற்கும் இடம் அது.

கம்பெனி உங்களுக்குச் சொல்லாதவை

26 வாரம் முடிந்தால் நிறுவனத்தின் கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 ஆனது மட்டும்தான் செய்தித்தாளில் பெரிதாக வந்தது. அதே திருத்தத்தில் வந்த இன்னொன்று உங்களுக்கு அதைவிட முக்கியம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் 400 பேர். வேலைக்குச் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. 2021-இல் உங்களுக்கு யாராவது தெரிவித்தார்களா?

பழைய சட்டம் போய்விட்டதே என்று யாராவது சொல்லக்கூடும். அதற்குப் பதிலாக 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 26 வாரம், காப்பகம், பாலூட்டும் இடைவேளை எல்லாம் அதிலும் தொடர்கின்றன.

உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் உறுத்திய பகுதி, தரைத்தளத்தில் இருக்கும் அந்த அறை. கதவில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று போர்டு. உள்ளே கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். பையர் ஆடிட் வருகிறது என்றால் முதல் நாள் இரவே மூட்டைகள் வெளியே போய்விடும். இரண்டு தொட்டில், ஒரு மர யானை, சுவரில் ஒட்டும் பொம்மைப் படங்கள் வந்துவிடும். தையல் பிரிவிலிருந்து ஒரு அக்காவை உட்காரவைத்து, அவர் பெயர் ஆயா என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். ஆடிட் முடிந்த மறுநாள் தொட்டில் மடங்கிவிடும். “எனக்கு இது நாலு வருஷமாகத் தெரியும். அப்போதெல்லாம் அது எனக்கான அறை என்று தோன்றவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது உங்களுக்கான அறைதான் சகோதரி. உங்கள் குழந்தையை 9,000 ரூபாய் கொடுத்து வெளியே விட வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ‘வேலையா, குழந்தையா’ என்ற கேள்வியில் பாதி, அந்த மூட்டைகளால் வந்தது.

காப்பகம் தவிர மூன்று விஷயம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சட்டம் சொல்கிறது. இது உரிமை இல்லை, நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்க இடம் இருக்கிறது. மெர்ச்சண்டைசர் வேலையில் சாம்பிளைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டிய நாள்கள் உண்டு, மெயிலும் எக்செல்லுமாகப் போகும் நாள்களும் உண்டு. எது எது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மூன்றாவது, விடுப்பில் போனதைக் காரணம் காட்டி உங்களை நீக்கவோ, பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றவோ கூடாது. உங்கள் பையர் அக்கவுண்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டீர்களே, திரும்பிப் போகும்போது அதே நிலையிலான பொறுப்பு வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

அப்புறம் சின்ன விஷயம். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் நிறுவனம் இலவச மருத்துவ வசதி தரவில்லை என்றால் மருத்துவ போனஸ் 3,500 ரூபாய் தர வேண்டும். நீங்கள் அனுப்பிய சம்பள ரசீதுகளில் அதைக் காணோம்.

எப்படிக் கேட்பது? வாயால் கேட்காதீர்கள். மரியாதையாக, சுருக்கமாக ஒரு மெயில். இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறேன், குழந்தையைக் காப்பகத்தில் விட விரும்புகிறேன், அறை எந்தத் தேதி முதல் ஆளோடு இயங்கும், பாலூட்டும் இடைவேளை எந்த நேரம், முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா. குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம், ஆடிட்டைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். உள்ளூர்ச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதாக பையரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு, அந்த மெயிலின் பொருள் புரியும்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். கேட்டவளுக்கு ‘ஒத்துவராதவள்’ என்ற பெயர் வரலாம். திருப்பூர் பெரிய ஊர் மாதிரி தெரிந்தாலும் ஏற்றுமதி வட்டாரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால்தான் சண்டையாக இல்லாமல் கோரிக்கையாக வைக்கச் சொல்கிறேன். தரைத்தளத்தில் குழந்தை உள்ள வேறு தாய்மார்கள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து கேட்பது இன்னும் பலம். பதிலே வராவிட்டால், தொழிற்சாலை என்பதால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஆனால் மூன்று வாரத்தில் அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. முதலில் மெயில்.

தரைத்தளம் என்றதும் ஒன்று மனதில் ஓடுகிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். உங்களுக்குக் கீழே மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண், ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால் 26 வாரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அது இல்லாத சின்ன யூனிட் என்றால் மூன்றாவது மாதமே குழந்தையைப் பாட்டியிடம் ஊரில் விட்டுவிட்டு வந்துவிடுவாள். அவளும் குழந்தையோடு இருக்க ஆசைப்பட்டவள்தான். உங்களுக்கு வேலைக்குப் போக வழியில்லை, அவளுக்குப் போகாமலிருக்க வழியில்லை. இரண்டு பேரும் காரணம் கேட்டால் “என் முடிவு” என்றுதான் சொல்கிறீர்கள். அந்த அறை திறந்தால் அவளுக்கும் திறக்கும்.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

உங்கள் சம்பளத்திலிருந்து காப்பகச் செலவைக் கழித்திருக்கிறீர்கள். ஏன் உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும்? குழந்தை இரண்டு பேருக்கும்தானே. வீட்டுக்கு வரும் மொத்த வருமானம் 80 ஆயிரம். அதிலிருந்து 12,500 என்று எழுதிப் பாருங்கள். அதே செலவுதான், ஆனால் ‘எதற்குப் போக வேண்டும்’ என்ற கேள்வி அங்கே எழாது. நீங்கள் விலகினால் எழுத வேண்டிய கணக்கு வேறு: 46,000-இல் தவணை 16,500 போக 29,500. அதில் நாலு பேர், அத்தையின் மருந்து, குழந்தையின் தடுப்பூசி.

காப்பகச் செலவு இரண்டு மூன்று வருஷத்துக்கு. வேலையில் விழும் இடைவெளி அதற்குப் பிறகும் கூடவே வரும். திரும்ப வேலை தேடும்போது பழைய சம்பளத்துக்கே பேரம் பேச வேண்டியிருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பள இடைவெளி முதல் குழந்தை பிறந்ததும்தான் பெரிதாக விரிகிறது என்பதை ஆராய்ந்து காட்டியவர் க்ளாடியா கோல்டின். 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

இனி நீங்கள் கேட்ட கிராஜுவிட்டி. இப்போது விலகினால் ஒன்றும் வராது. ஐந்து வருஷத் தொடர் பணி வேண்டும். உங்களுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பேறுகால விடுப்பு 26 வாரம் வரை பணிக்காலமாகவே கணக்கில் சேரும், அது கழியாது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 18,200. அதை 26-ஆல் வகுத்தால் 700. வருஷத்துக்கு 15 நாள் என்றால் 10,500. ஐந்து வருஷத்துக்கு 52,500 ரூபாய். நாலு வருஷமும் ஐந்தாவதில் 240 நாளும் முடித்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டி வழக்காடி வாங்குவதைவிட ஐந்தை முடித்துவிட்டு வாங்குவது எளிது.

பி.எஃப்.-இல் மாதம் உங்கள் பங்கு 2,184, கம்பெனி பங்கும் அதே அளவு. விலகினாலும் அந்தப் பணம் எங்கும் போகாது. அவசரப்பட்டு எடுக்காதீர்கள். குறிப்பாக அதிலுள்ள ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிட்டால், சேர்ந்திருக்கும் வருஷங்களும் போய்விடும். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷம் வேண்டும். கோவையில் இருந்ததையும் சேர்த்து உங்களுக்கு ஏழு ஆகப்போகிறது. தொகை பெரிதாக இருக்காது என்றாலும் அது உங்கள் பெயரில் வருவது. கோவைக் கணக்கு இப்போதைய கணக்கோடு சேர்ந்துவிட்டதா என்று மட்டும் இன்றே பாருங்கள்.

‘உன் இஷ்டம்’

உங்கள் வீட்டுக்காரர் அன்பானவர் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். இஷ்டத்தை மதிக்கிறேன் என்ற நினைப்பில்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தை அவரை இந்த விஷயத்திலிருந்து வெளியே நிறுத்திவிடுகிறது. நீங்கள் வேலைக்குப் போனால் குழந்தையை விட்டுவிட்டுப் போனவள் நீங்கள். வீட்டில் இருந்து நாளைக்குப் பணம் போதவில்லை என்றால் வேலையை விட்டவளும் நீங்கள். இரண்டிலும் பொறுப்பு உங்கள் தலையில்.

நாடு முழுவதும் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்று வந்தது. குழந்தை, முதியோரைப் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனி. ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கு மேல் எட்டு மணி நேர அலுவலகம் என்றால் எந்த உடம்பும் ‘விட்டுவிடலாம்’ என்றுதான் சொல்லும்.

அதனால் “நான் போகட்டுமா, வேண்டாமா” என்று அவரிடம் கேட்காதீர்கள். அதற்கு “உன் இஷ்டம்” என்ற பதில்தான் வரும். ஒரு வெள்ளைத்தாளில் காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை மணிக்கணக்காக எழுதுங்கள். பால் காய்ச்சுவது, சோறு, குழந்தையின் பை, காப்பகத்தில் விடுவது, அழைத்து வருவது, காய்ச்சல் வந்தால் லீவு போடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதச் சொல்லுங்கள், பேனாவை அவர் கையில் கொடுத்து. “காலை எட்டு மணிக்குக் குழந்தையை யார் கொண்டுபோய் விடுவது” என்பதற்கு ‘உன் இஷ்டம்’ பதில் ஆகாது. தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தர இன்னும் சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அவருக்கு ஈட்டிய விடுப்பு இருக்குமே. நீங்கள் சேரும் முதல் வாரம் அவர் ஐந்து நாள் லீவு போட்டு வீட்டில் இருக்கட்டும். குழந்தை அவர் கையில் பழகும், உங்களுக்கும் அலுவலகத்தில் மனசு நிற்கும்.

அத்தையிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் சொல்வதில் பாசமும் இருக்கிறது, தன்னால் தூக்க முடியவில்லையே என்ற குறுகுறுப்பும் இருக்கலாம். நடமாட முடியாதே தவிர, உட்கார்ந்த இடத்தில் கண்காணிக்க முடியும். காலை பத்திலிருந்து மூன்று வரை ஒரு ஆளை வைத்து, அத்தை மேற்பார்வை பார்க்கிற ஏற்பாடு உங்கள் தெருவில் கிடைக்குமா என்று பாருங்கள். அலுவலகக் காப்பகம் இழுத்தடித்தால் இடைக்காலத்துக்கு உதவும்.

பால் விஷயத்தைப் பற்றிப் பயப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அது என் துறை இல்லை. எடுத்து வைத்துக் கொடுக்க முடியும், எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் கேளுங்கள். பகலில் ஒரு காப்பகத்தில் இருந்த குழந்தைக்குத் தாய் ஒட்டாமல் போய்விடும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். சாயங்காலம் வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் அது என்ன செய்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இதற்குப் பிறகும் வீட்டில் இருக்கத் தோன்றினால்

இருங்கள். மனசாரச் சொல்கிறேன். ஆனால் சில ஏற்பாடுகளோடு. முதல் வேலை, ராஜினாமாவுக்கு முன் சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் புது மெர்ச்சண்டைசரைப் பழக்கி எடுக்க ஆறு மாதம் ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும். பிரசவத்தால் உங்கள் உடல்நிலை பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவச் சான்றோடு கூடுதலாக ஒரு மாதம் ஊதியத்துடன் கேட்கச் சட்டமே இடம் தருகிறது.

விலகுவதே என்றால், கடிதத்தில் நீங்கள் முதலில் எழுதியதையே எழுதுங்கள். கேட்ட வசதிகள் கிடைக்காததால் விலகுகிறேன் என்பது உண்மையானால் அதையும் ஒரு வரி சேருங்கள். அனுபவச் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம் கையில் வாங்காமல் வராதீர்கள். கம்பெனி மருத்துவக் காப்பீடு அன்றோடு முடியும், குடும்பத்துக்குத் தனியாக எடுத்துவிட்டு விலகுங்கள். மாதாமாதம் ஒரு தொகை உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும். அது செலவுக்குக் கொடுக்கும் பணம் என்று இருக்கக் கூடாது, உங்கள் சேமிப்பாக இருக்க வேண்டும். திரும்ப எப்போது யோசிப்பது என்று ஒரு தேதியும் இரண்டு பேரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது என்றோ, இரண்டு என்றோ.

தவணை கட்டும் வீடு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான் என்று, 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு குடும்பத் தலைவிக்குச் சமபங்கு கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. ஆனால் அது அந்த வழக்கின் சாட்சியங்களை வைத்துச் சொன்னது. வீட்டில் இருக்கும் எல்லா மனைவிக்கும் தானாகப் பாதி வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனவே உங்கள் சம்பளம் நிற்கும் முன்பே, வீட்டில் உங்கள் பெயரைச் சேர்ப்பது பற்றிப் பேசுங்கள். கடன் கொடுத்த வங்கியின் சம்மதம் வேண்டியிருக்கும், பதிவுச் செலவும் ஆகும். நல்ல உறவு இருக்கும்போது பேசினால் அது சந்தேகமாகத் தெரியாது, சாதாரண ஏற்பாடாக முடியும்.

என் யோசனையைக் கேட்டால், ஏழு மாதம் போய்ப் பாருங்கள். ஐந்து வருஷம் முடியும்போது குழந்தைக்கு ஒரு வயது ஆகியிருக்கும், பாலூட்டும் இடைவேளை உரிமையும் அப்போது கையில் இருக்கும். அந்த அறை திறந்ததா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். அன்றைக்கு விலகினாலும் கையில் 52,500 ரூபாயோடு விலகுவீர்கள்.

மெயிலை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி, அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நியமனக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் நீங்கள் அனுப்பிய படத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. நோட்டீஸ் காலம் ஒரு மாதமா, மூன்று மாதமா என்று அங்கேதான் இருக்கும். அதையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த நாலு வரிக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்